கேள்வி பதிலாக

இரணியல் கோர்ட்டில் பதினொரு வருடமாகச்
சாட்சியம் அடிப்பவள் நான்.
விசைப்பலகையில் ன தேய்ந்துவிட்டது,
ப இருந்த இடம் விரலுக்கு மட்டும் தெரியும்.
கேள்விக்குறி
வாங்கிய அன்று இருந்தபடியே இருக்கிறது.

வக்கீல் கேட்பார், சாட்சி சொல்லும்,
நீதிபதி இரண்டையும் ஒரே வாக்கியமாக மடித்து
என் பக்கம் தள்ளுவார்.
அவ்வழியே போனேன் என்று சொன்னால் சரிதான்.
குடித்திருந்தேன் என்று சொன்னால் சரியல்ல.
சரி, சரியல்ல, சரிதான்,
மத்தியானச் சாப்பாட்டுக்குள் ஆறு பக்கம்.

ஆனால் எங்கள் பக்கத்து ஆட்கள்
எதற்காவது நேராகப் பதில் சொல்வார்களா?
சோறு தின்னாச்சா என்றால்
தின்னாம பின்ன?
மீன்கூடையும் கையுமாக நிற்பவளிடம்
திங்கள்சந்தைக்கா என்று கேட்டால்
பின்ன, கல்யாணத்துக்கா?

அன்று மூன்றாம் சாட்சி. ஏசுவடியாள், வயது ஐம்பத்து நாலு.
அண்டி ஆபீஸில் தோடு உடைத்துக் கறுத்த விரல்களால்
கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.
மூன்றரை அடி நடைபாதை வழக்கு.
எதிர்த்தரப்புக்குத் தாணுலிங்கம் வக்கீல்.

"அந்தப் பாதையிலதான் தினமும் போனீங்களா?"
"பின்ன, பறந்தா போனேன்?"
நீதிபதி சொன்னார், அடித்தேன்:
தினமும் அப்பாதையில் நடந்தே சென்றேன்.

"பாதை உங்க பேர்ல இருக்கா?"
"ரோடு ஒமக்க பேரிலயா சாரே இருக்கு?"
பின்பெஞ்சில் சிரிப்பு.
அடித்தேன்:
பாதைக்கு என்னிடம் பத்திரம் எதுவும் இல்லை.
முற்றுப்புள்ளி வைத்த பிறகுதான்
அது அவள் சொன்னதல்ல என்று உறைத்தது.

"மதில் எந்தத் தேதியில கட்டினாங்க?"

அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை.
ஃபேன் ஒரு சுற்றுக்கு ஒருமுறை கடகடத்தது.

"எனக்க மவன் ஸ்டான்லி செத்தது எந்தத் தேதி சாரே?"

"அது இந்த வழக்கில் இல்லையம்மா."

"பெட்டிய வாழத்தோட்டம் வழியா, முட்டளவு தண்ணியில,
நாலு பேரு சுத்தித் தூக்கிட்டுப் போனாவள,
அதும் இதுல இல்லியா?"

நீதிபதி மடிக்கப் பார்த்தார்.
மதில், என்று தொடங்கினார்.
மதிலானது என் மகன், என்றார். நிறுத்தினார்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுச் சொன்னார்:
"கேள்வி பதிலாகவே அடிங்கம்மா."

கேள்வி: மதில் எந்தத் தேதியில் கட்டப்பட்டது?
பதில்: எனக்க மவன் ஸ்டான்லி செத்தது எந்தத் தேதி சாரே?

பதிலுக்குக் கடைசியில் கேள்விக்குறி
என் கையால் விழுந்தது அதுதான் முதல் முறை.
விசை கொஞ்சம் விறைப்பாக இருந்தது.
எனக்க என்பதை எனது என்று திருத்தவில்லை.
சாரே என்பதையும் விட்டுவிட்டேன்.

படித்துக் காட்டினேன்.
கைநாட்டா கையெழுத்தா என்றேன்.
"படிச்சிருந்தா அண்டி ஆபீஸுக்கா போவேன் மக்ளே?"
மைப்பெட்டியை நகர்த்தினேன்.
விரலின் கறுப்பா மையின் கறுப்பா,
ரேகை சரியாக விழவில்லை.
இன்னொரு முறை வைக்கச் சொன்னேன்.

கருங்கல் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன்.
மழை. ஷட்டரை இறக்கிய இருட்டில்
யாரோ யாரையோ கேட்டார்கள்
கேஸு ஜெயிக்குமா என்று.
தோத்தா விட்டுருவமா என்றது இன்னொரு குரல்.
அவர்களுடையது எந்தக் கேஸோ.

இரவு ஒன்பதே முக்காலுக்கு தோகாவிலிருந்து போன்.
பிள்ளை தூங்கியாச்சா, கரண்டு பில் கெட்டியாச்சா.
கெட்டாம பின்ன என்றேன்.
பிறகு, போன வாரமும் கேட்டதை:
"எப்ப வருவிய?"

"அங்க மழை உண்டா?" என்றார்.

வரும் தேதி எனக்குத் தெரியாது என்று சொன்னால் சரிதான்.
அடித்து முடித்துவிட்டன விரல்கள்,
தலையணை மேலேயே.

ஓட்டின் மேல் கொட்டிக்கொண்டிருந்தது.
போனை ஜன்னல் பக்கம் நீட்டிவிட்டுச் சொன்னேன்:
"இல்லாம பின்ன?"